மூணாங்கட்டைப் பெரணி

என் புருஷன் கோலின் என்ன வேலை பார்த்தார் என்பது பக்கத்து வீட்டு தினேஸ்வரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒரு முறை மலாய்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டதற்கு, கோலின் “சாரி பாக்கு” என்றார். மலாயில் பாக்கு என்றால் பெரணிச் செடி. பெரணி தேடப் போகிறேன் என்று அர்த்தம். இவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மனுஷன் கொட்டைப்பாக்கு வியாபாரம் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். மகள் நிச்சயதார்த்தத்துக்கு மலிவாகக் கிடைக்குமா என்று என்னிடம் வந்து வேறு கேட்டாள்.

கோலின் செத்த வீட்டிலும் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி பாக்கு வியாபாரத்த யாருக்கா பாத்துக்குவா?” என்றாள். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன், இல்லையென்றால் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். எனக்கு இரண்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரியும் இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான்.

அவர் சிம்பாங் பூலாய் சாலை விளக்கில் செத்தார். சிவப்புக்கு வண்டியை நிறுத்தியவர், பச்சை விழுந்தபோது உயிரோடு இல்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டியிருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். கேட்டுக்கொண்டேன். ஜெபம் சொல்ல வந்தவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்புறம் ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனேன். கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மரத்துப்போனவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது.

கோலின் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் டிரைவர். அந்தக் கல்லூரியில் காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்க ஓர் அறை உண்டு. அதற்குப் பெரியவர் டாக்டர் கார்த்திகேசு. அவரை மலைக்கும் காட்டுக்கும் ஏற்றிப் போவதுதான் கோலினின் வேலை என்று காகிதத்தில் இருக்கும். பாறையில் தொற்றி ஏறுவதும், செடியை வேரோடு எடுப்பதும், பழைய தமிழ்ப் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பதும் கோலின்தான். காய்ந்ததைத் தடித்த தாளில் ஒட்டி மூலையில் ஒரு சீட்டு வைப்பார்கள். என்ன செடி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று அதில் இருக்கும். எடுத்த ஆளுக்கென்று ஓர் எண் வரிசையும் உண்டு. முதலில் எடுத்தது ஒன்று, அடுத்தது இரண்டு, ஆள் சாகும்வரை அது ஓடும். டாக்டரின் எண் ஆயிரக்கணக்கில் போய்விட்டது. கோலினுக்கு வரிசையே கிடையாது. “காடி ஓட்டுறவனுக்கு எதுக்குலா நம்பர்” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற பவித்ரன் அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தான். நான் கேண்டீனில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, பசியாறியாச்சா?”

“விஷயத்தச் சொல்லு தம்பி. ரெஸ்ட் முடியப் போவுது.”

“கோலின் அண்ணே லாக்கர சுத்தம் பண்ணோம். பேப்பருக்குள்ள ஒரு பெரணி இருந்துச்சு. டாக்டர் நம்பர் இல்லக்கா. அண்ணே தன்னோட நம்பரப் போட்டிருக்காரு. கோலின் ஒன்னு.”

“என்ன ஒன்னு?”

“முதல் நம்பர். அவரே சொந்தமா எடுத்தது. அதுவும் லேசுப்பட்ட பெரணி இல்ல. அந்த எனத்துல எங்ககிட்ட இருக்கறதெல்லாம் வெள்ளக்காரன் காலத்துத் தாளு. சுண்ணாம்புக்கல் மலையில மட்டும் வளர்றது. கடைசியா எடுத்த மலைய ஒடச்சு லாரியில ஏத்தியாச்சு. இன்னும் உயிரோட இருக்குன்னே நாங்க நினைக்கல.”

“நல்லது. வச்சுக்குங்க.”

“வைக்க முடியாதுக்கா. இடம் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. “ஒரே ஒரு தாள வைக்க உங்களுக்கு இடம் இல்லியா? அத்தன பெரிய காலேஜ்ல?”

“ஐயோ, அந்த இடம் இல்லக்கா. எடுத்த இடம். பேப்பர் ஓரத்துல மூணாங்கட்டைன்னு மட்டும் பென்சில்ல எழுதியிருக்காரு. எந்த ரோட்டு மூணாங்கட்டைன்னு இல்ல.”

மைலை நாங்கள் கட்டை என்போம். ஈப்போவிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் ஒரு மூணாங்கட்டை உண்டு. பவித்ரனும் ஈப்போக்காரன்தான், ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டிருந்தான். எல்லாம் கடையும் வீடும். மலையும் இல்லை, பாறையும் இல்லை.

“அண்ணே உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா? வருஷக் கடைசியில அறைய மாத்துறாங்க. எடுத்த இடம் தெரியாத தாளெல்லாம் கழிச்சிடச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு.”

“கழிச்சின்னா?”

“வீசிடுவாங்கக்கா.”

சோற்றை மூடி வைத்தேன். கோலின் போனதிலிருந்து முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. மலை மலையாக ஏறி முழங்கால் தேய்ந்த மனுஷன். அத்தனை தாளிலும் இன்னொருத்தர் பேர். அவர் பேர் போட்ட ஒரே ஒரு தாள் இருக்கிறது, அதையும் குப்பையில் போடுவார்களாம். அந்தத் தாள் அந்த அலமாரிக்குள் போயே ஆகவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அந்தப் பெரணியை எனக்குத் தெரியும். தெரியும் என்ன, அதன் மேலேயே படுத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலின் எங்கேயோ போய்விட்டு வந்தார். காலணியைக் கழுவி வெயிலில் வைத்தார். கையிலிருந்த பேப்பர் மடிப்பை எங்கள் மெத்தைக்கு அடியில் நீட்டி வைத்தார். அழுத்துகிற பலகை கல்லூரியில் இருந்தது.

“எங்க போனீங்க?” என்றேன்.

“மூணாங்கட்டைக்குப் போயிட்டு வந்தேன்.”

ஜெலாப்பாங் பக்கத்து மூணாங்கட்டையில் அவர் கூட்டாளி ஒருவர் கார் வாஷ் வைத்திருக்கிறார். “காடிய கழுவிட்டு வந்த மாதிரி தெரியலியே” என்றேன். அவர் “ம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் மெத்தையிலிருந்து அதை எடுத்து வேலைக்குக் கொண்டுபோனார். அப்புறம் அவரும் இல்லை.

மறுநாள் நான் வேலைக்குச் சூட்டி போட்டுவிட்டு அந்தக் கார் வாஷுக்குப் போனேன். கூட்டாளி காப்பி வாங்கிக் கொடுத்தார். கோலின் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை என்றார். ஆனாலும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சாக்கடைச் சுவரில் பெரணி முளைத்திருந்தது. அலமாக், கிடைத்துவிட்டது என்று படமெடுத்துப் பவித்ரனுக்கு அனுப்பினேன். சிரிக்கக் கூடாது என்று அவன் பாடுபட்டது அவன் எழுத்திலேயே தெரிந்தது. அக்கா, அது சந்தையில் கட்டு கட்டாக விற்கிற புச்சோ பாக்குக் கீரை, சம்பல் போட்டு வதக்கிச் சாப்பிடலாம் என்று பதில் வந்தது. சாக்கடையில் முளைத்ததை யார் சாப்பிடுவது?

வேறு வழியில்லாமல் மரியஜோசப் அண்ணனிடம் போனேன். அவர் கோலினின் அண்ணன். கொத்து வேலை செய்து முதுகு போய், இப்போது சிம்பாங் பூலாய் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். போகிற வழியில் அந்தச் சாலை விளக்கு. சிவப்பு விழுந்தது, நின்றேன். பச்சை விழுந்தது, போனேன். ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாராங் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். கல்லறைத் திருநாள் வருகிறது, புல் வெட்ட வேண்டும் என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். தாள், எண், பேப்பர் ஓரம், கார் வாஷ், எல்லாம்.

“கார் வாஷா!” என்று வாய்விட்டுச் சிரித்தவர், பாதியிலேயே நிறுத்திவிட்டார். “மூணாங்கட்டைக்குப் போனேன்னு அவனே உங்கிட்ட சொன்னானா?”

“சொன்னாரு. எந்த ரோடுண்ணே அது?”

“ரோட்டுக் கட்டை இல்லம்மா. தோட்டத்துக் கட்டை. ஊர்லேர்ந்து எண்ணுறது இல்ல. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களம் இருக்கு பாரு, அங்கேர்ந்து எண்ணுவோம். ஒன்னாங்கட்டை ஸ்டோரு. ரெண்டாங்கட்டை கோயிலு. மூணாங்கட்டை புதைகாடு.” கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “எங்க தோட்டத்துல செத்துட்டான்னு வாயால சொல்ல மாட்டோம். மூணாங்கட்டைக்குப் போயிட்டான்னுதான் சொல்றது.”

நான் ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்தவள், அவர்கள் ரப்பர் தோட்டத்தில். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது.

“உங்க அம்மா அப்பாவ ஈப்போவுலதானே அடக்கம் பண்ணோம்? அங்க யாரு இருக்கா, இவரு போறதுக்கு?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பையன் அங்கதானம்மா.”

எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். கல்யாணமான மறு வருஷம். ஒரு ராத்திரி உயிரோடு இருந்தான். விடிவதற்குள் போய்விடுவான் என்று தெரிந்து ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள், ஜோனதன் என்று பேர் வைத்தாள். எனக்கு வயிற்றைக் கிழித்திருந்தார்கள், காய்ச்சல் வேறு. நான் கண்ணைத் திறந்தபோது ஆம்பிளைகள் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு வந்து நின்றார்கள். பெத்தவள் குழியைப் பார்க்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். தோட்டத்தில் வைத்துவிட்டோம் என்றார்கள். அதற்கப்புறம் தோட்டம் கைமாறியது, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, கோலினும் சொல்லவில்லை. குழிமேடு செம்பனைக்கு அடியில் போயிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்து நினைத்து, அது எனக்கு வலிக்காமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

“கெளம்புங்கண்ணே,” என்றேன்.

“இப்பவா? மழ வர்ற மாதிரி இருக்கு.”

“வரட்டும்.”

அதிகாரப்பூர்வமாக அந்தத் தோட்டத்துக்கு ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர். சனங்கள் கறுப்புக் கிராணித் தோட்டம் என்பார்கள். கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜாகா முதலில் விடமாட்டேன் என்றான். கல்லறை சுத்தம் செய்ய என்று அண்ணன் மலாயில் சொல்லிப் பாராங்கைக் காட்டியதும் தடுப்புக் கம்பைத் தூக்கி வழிவிட்டான். உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் எருமூட்டைகள் அடுக்கியிருந்தன. ஸ்டோரும் இல்லை, கோயிலும் இல்லை. தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலை ஒன்று, ஒரு பக்கம் முழுக்கச் சீவப்பட்டு வெள்ளையாக நின்றது. அண்ணன் மட்டும் வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே வழி சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

புதைகாட்டை அவர்கள் விட்டுவைத்திருந்தார்கள். செம்பனைக்கு நடுவே ஒரு துண்டு நிலம், இடுப்பளவுப் புல். ஒரு பக்கம் இந்துக்கள், ஒரு பக்கம் சிலுவைகள். அண்ணன் புல்லை வெட்டிக்கொண்டே முன்னால் போனார், நான் பின்னால் போனேன். கடைசி வரிசையில் அவர் நின்ற இடத்தில் முழம் நீளத்துக்கு ஒரு சின்ன மேடை இருந்தது. செங்கல் வைத்துக் கட்டியது.

“நான் கட்டுனது,” என்றார். “சிமெண்டு வாங்கக் கையில காசில்ல. அந்த மலையடிவாரத்துச் சூளையில சுண்ணாம்பு குடுத்தானுங்க. கொழச்சுப் பூசுனேன்.”

மேடை கண்ணுக்கே தெரியவில்லை. பூச்சு வெடித்த இடத்திலெல்லாம் பெரணி முளைத்து மூடியிருந்தது. என் உள்ளங்கை அளவு இலைகள், கறுத்த மெல்லிய காம்பு. காற்று இல்லாதபோதும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. மெத்தைக்கு அடியில் தட்டையாகக் கிடந்ததை இப்போதுதான் உயிரோடு பார்த்தேன். மலையில் தேடினார்கள், பாறையில் தேடினார்கள். இது மலையிலிருந்து வந்த சுண்ணாம்பைத் தேடிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

“பாரு, எப்புடி மண்டிக் கெடக்குன்னு,” என்று சொல்லி அண்ணன் பழக்க தோஷத்தில் பாராங்கை ஓங்கினார்.

“வெட்டாதீங்க!”

என் குரல் நானே கேட்டிராத குரலாக இருந்தது. பக்கத்து மரத்திலிருந்து ஏதோ பறவை எழுந்து பறந்தது. அண்ணன் கத்தியைக் கீழே இறக்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவனும் இதே மாரிதாம்மா. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு என்கூட வருவான். நான் வெட்டப் போனா கையப் புடிச்சுக்குவான். இந்தத் தடவ நீ இருக்க.”

வருஷா வருஷம். நவம்பர் மாதம் அண்ணனோடு பெற்றோர் கல்லறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அங்கே போய்விட்டு இங்கேயும் வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. பாவி மனுஷா, நான் பெத்தவள் இல்லையா? நான் இங்கே வந்து உட்கார மாட்டேனா? என் பிள்ளையை ஒரு வார்த்தைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, எனக்கு எதிரிலேயே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சோறு சாப்பிட்டிருக்கிறாயே. செத்த ஆளை அடிக்க முடியாது. புல்லில் உட்கார்ந்து மண்ணை இரண்டு கையாலும் அடித்தேன். கை வலித்தது.

அப்புறம் எழுந்து படமெடுத்துப் பவித்ரனுக்கு அனுப்பினேன். மறு நிமிஷம் போன் வந்துவிட்டது.

“அக்கா! அதேதான்! அண்ணே எடுத்ததேதான்! எங்கக்கா இருக்கீங்க?”

அண்ணன் என் தோளைத் தொட்டார். “சொல்லாதம்மா,” என்று மெதுவாகச் சொன்னார். “சொன்னா டாக்டருங்க வருவானுங்க. வேரோட எடுப்பானுங்க. வேற எவனாச்சும் கேள்விப்பட்டு விக்கறதுக்கு வருவான். கோலின் ஏன் முழுசா எழுதலன்னு நெனைக்கிற? அவனுக்கு எழுதத் தெரியாதா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கோலின் வேலை தெரிந்தவர். சீட்டில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தன் பேரில் ஒன்று வேண்டும் என்றும் ஆசைப்பட்டிருக்கிறார், பையனை யாரும் தோண்டக் கூடாது என்றும் நினைத்திருக்கிறார். அதனால் தோட்டத்து ஆளுக்கு மட்டும் புரிகிற மாதிரி பாதி எழுதி நிறுத்திவிட்டார்.

“தம்பி,” என்றேன் போனில். “இடத்தச் சொன்னா வந்து புடுங்குவீங்களா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “எடுக்கக் கூடாதுன்னு சீட்டுல போடச் சொல்லி நான் கேட்டுப் பாக்கறேன்க்கா. ஆனா டாக்டர் வந்து பாக்காம இருக்க மாட்டாரு. அத நான் பொய் சொல்ல மாட்டேன்.”

சொல்லாவிட்டால் கோலின் குப்பைக்குப் போவார். சொன்னால் என் பிள்ளை மேல் ஊரான் கை வைப்பான். பெரணியைப் பார்த்தேன். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாமலே ஒளித்து ஒளித்து வைத்தார்கள். ஒருத்தனை மாமியார் ஒளித்தார், அப்புறம் புருஷன் ஒளித்தார். புருஷன் பேரைச் சீட்டே ஒளித்தது. அப்படி ஒளித்ததில் எனக்கு என்ன மிஞ்சியது? கையுறையில் ஓட்டை பார்க்கிற வேலைதான் மிஞ்சியது. வருகிறவர்கள் வரட்டும். வந்து என்னிடம் கேட்டுவிட்டுத் தொடட்டும். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் இங்கேதான் இருப்பேன்.

“எழுதிக்க தம்பி,” என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

“சொல்லுங்கக்கா. எடுத்தவர் கோலின், நம்பர் ஒன்னு. அது இருக்கு.”

“கறுப்புக் கிராணித் தோட்டம். பெரட்டுக்களத்துலேர்ந்து மூணாங்கட்டை. கிறிஸ்தவப் புதைகாடு, கடைசி வரிச.”

அவன் விசைப்பலகையில் தட்டுவது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லித் தட்டினான். மழை தூற ஆரம்பித்திருந்தது.

“போதும்க்கா, இது போதும். இனி யாராலயும் வீச முடியாது. கடைசியா ஒன்னே ஒன்னு கேக்கணும். எது மேல வளந்திருக்கு? பாறையா, மரமா, மண்ணா?”

“எம் புள்ள மேல,” என்றேன்.

தட்டும் சத்தம் நின்றது. “அக்கா?” என்றான்.

“ஜோனதன்னு பேரு. எழுதிக்க.”